சீமை திரும்பியவனின் சிரிப்பு: தீரேன் கங்குலியும் மௌனப்பட நகைச்சுவையும்

புதுச்சேரிக்காரர்களுக்குச் 'சொல்தா' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, சைகோனிலும் வேறு குடியேற்ற நாடுகளிலும் காலம் கழித்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவருக்கு இங்கே அதுதான் பெயர். கதிர்காமத்திலிருந்து வழுதாவூர்ச் சாலை வழியே நகருக்குள் போய்வரும் நமக்கெல்லாம் அப்படியொரு பெரியவரையாவது தெரிந்திருக்கும். பேச்சுக்குப் பேச்சு ஒரு பிரெஞ்சுச் சொல்லைச் செருகுவார். ஜூலை 14 அன்று பதக்கங்களை அணிந்துகொண்டு அணிவகுப்புக்குப் புறப்படுவார். அவர் தெருமுனையைக் கடந்த பிறகு நாம் அவரைப் போலப் பேசிக்காட்டிச் சிரிப்போம். அதே வீட்டில் பெண்ணெடுக்கவோ பெண் கொடுக்கவோ வாய்ப்பு வந்தால், சிரித்த வாயை மூடிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பதும் நாம்தான்.

கடல் கடந்து சென்று, வேறு ஆளாகத் திரும்பி வந்தவனைப் பார்த்துச் சிரிக்கும் இந்தச் சிரிப்பு நமக்கு மட்டும் உரியதன்று. 1921-ஆம் ஆண்டு கல்கத்தாவின் பவானிப்பூர்ப் பகுதியில் ரசா அரங்கத்தில் ஒரு மௌனப்படம் வெளியாயிற்று. அதன் பெயரே 'பிலாத் ஃபேரத்', அதாவது சீமையிலிருந்து திரும்பியவன். அந்தப் படத்தை எழுதி அதில் நாயகனாக நடித்தவர் தீரேந்திரநாத் கங்குலி. வங்காளத்தில் அவரை 'டி.ஜி.' என்று சுருக்கிச் சொல்வார்கள். இந்திய மௌனப்பட வரலாற்றில் நகைச்சுவை நடிகர் என்று முதன்மையாகச் சுட்டத்தக்கவர் அவரே. தாதாசாஹேப் பால்கே விருது பெற்றவர்களின் பட்டியலில் இடம்பெற்றிருந்தும், தமிழில் அவரைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. அவருடைய தொழில் வாழ்க்கையைச் சற்று நிதானமாகப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். ஒரு சமூகம் தன்னைப் பார்த்தே சிரித்துக்கொள்ள எப்போது துணிகிறது, அந்தச் சிரிப்பை அது எப்படிப் பாதுகாக்கிறது அல்லது பறிகொடுக்கிறது என்ற கேள்விகளுக்கு அந்த வாழ்க்கையில் விடை தேட முடியும்.

*

'பிலாத் ஃபேரத்' வெளியான காலத்தில் இந்தியத் திரை தெய்வங்களின் வசமிருந்தது. 1913-இல் தாதாசாஹேப் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா'வோடு தொடங்கிவைத்த பாதை அது. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசகவதம்' மகாபாரதக் கதை. கல்கத்தாவில் மதன் நிறுவனம் 1919-இல் வெளியிட்ட 'பில்வமங்கள்' பக்திக் கதை. சொற்கள் இல்லாத கலைக்குப் பார்வையாளர் ஏற்கெனவே அறிந்த கதை வசதியாக இருந்தது. திரௌபதி யார், கீசகன் யார் என்று எழுத்தட்டை போட்டு விளக்க வேண்டியதில்லை. பால்கேயே 'பித்தாச்சே பஞ்சே' போன்ற சிறிய சிரிப்புப் படத்தையும் எடுத்திருக்கிறார் என்றாலும், அது பெரிய விருந்தின் ஓரத்தில் வைத்த ஊறுகாய் போலத்தான்.

சிரிப்பு வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதிலும் முதலில் வந்தது பிரான்சிலிருந்து. தென்னிந்தியாவின் சலனப்படத் தொடக்கத்திலேயே ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர் உண்டு. 1905-இல் திருச்சியில் ரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட், துய்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படச்சுருளையும் விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் காட்டப் புறப்பட்ட வரலாறு நாம் அறிந்ததே. அதே 1905-இல் பாரிஸின் பாத்தே நிறுவனத்தில் நடிக்கத் தொடங்கியவர் மாக்ஸ் லிண்டர். பட்டுத்தொப்பி, கைத்தடி, நேர்த்தியான உடை, சிறிய மீசை என்று ஒரு கனவானின் தோற்றத்தில் வந்து, அந்தக் கனவான் தோற்றமே கலைந்து போகும்படியான சங்கடங்களில் மாட்டிக்கொள்வது அவருடைய பாணி. சார்லி சாப்ளின் அவரைத் தம் ஆசான் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். லிண்டரின் கனவானுக்குக் கீழே சரிந்தால் சாப்ளினின் நாடோடி. ஒரே கைத்தடிதான், வர்க்கம்தான் வேறு.

கிழிந்த கோட்டுப் போட்ட ஏழை ஒருவன் கொழுத்த போலீஸ்காரனிடமிருந்து தப்பியோடினால், பாரிஸிலும் சிரிப்பார்கள், பாண்டியிலும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு மொழி வேண்டாம், ஊர் வேண்டாம். கங்குலி தேர்ந்துகொண்ட சிரிப்பு வேறு வகையைச் சேர்ந்தது. அது ஊர் தெரிந்தவனுக்கே புரியும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் இடங்களாக ஏளனத்தையும் சிறுபிள்ளைத்தனத்தையும் அறியாமையையும் மடமையையும் சொல்கிறது. வெளிநாட்டுச் சிரிப்புப் படங்கள் பெரும்பாலும் பின்னைய மூன்றில் வாழ்ந்தன. கங்குலி முதலாவதைக் கையிலெடுத்தார். ஏளனம் செய்ய வேண்டுமென்றால் ஏளனத்துக்கு உரியவனை அருகிலிருந்து அறிந்திருக்க வேண்டும்.

*

கங்குலி 1893-இல் பிறந்தவர். சாந்திநிகேதனில் படித்தவர். ஓவியக் கலையைக் கற்று, நிஜாமின் ஹைதராபாத்தில் கலைப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். அவர் நாடகக் கொட்டகையிலிருந்து திரைக்கு வந்தவர் அல்லர் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தமிழில் நமக்குப் பழக்கமான வரலாறு பாய்ஸ் நாடகக் கம்பெனிகளின் வழியாக வருகிறது. அங்கே நகைச்சுவை நடிகர் என்றால் முதலில் குரல், பிறகு பாட்டு, பிறகுதான் முகம். கங்குலிக்கோ முகமே முதலும் முடிவுமாக இருந்தது. அவர் ஓவியராகவும் நிழற்படக் கலைஞராகவும் தம் முகத்தை அணுகினார்.

1915-இல் அவர் ஒரு நூலை வெளியிட்டார். 'பாபேர் அபிபியக்தி' என்பது அதன் பெயர். பாவங்களின் வெளிப்பாடு என்று சொல்லுக்குச் சொல் பொருள் கொள்ளலாம். 'மெய்ப்பாடுகள்' என்று ஒரே சொல்லில் தமிழாக்கினால் இன்னும் பொருந்தும். தாமே பலவேறு வேடங்களைப் புனைந்து, பலவேறு உணர்ச்சிகளைக் காட்டி எடுத்துக்கொண்ட நிழற்படங்களின் தொகுப்பு அது. இன்று ஒரு நடிகர் வாய்ப்புத் தேடிப் படத்தொகுப்பு எடுத்துக்கொள்வது சாதாரணம். 1915-இல், நடிப்பு என்றால் மேடை என்று மட்டுமே பொருள்பட்ட ஒரு நாட்டில், கேமராவுக்காக நடிப்பதென்பது தனியான ஒரு வித்தை என்று ஒருவர் கண்டுகொண்டு அதை நூலாகவும் வெளியிட்டார் என்பது எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தியன்று. மேடை நடிகர் கடைசி வரிசைக்கும் எட்டும்படி முகத்தை விரிக்கிறார். கேமராவின் முன் ஒரு புருவம் உயர்ந்தால் போதும். கங்குலி அந்தப் பாடத்தைத் திரைக்கு வருவதற்கு முன்பே, அசையாத படங்களின் மூலம் தமக்குத் தாமே கற்பித்துக்கொண்டார்.

கல்கத்தாவின் படத்தொழிலை அன்று ஆண்டவர் பார்சி வணிகரான ஜே. எஃப். மதன். கங்குலியின் நூல் மதன் நிறுவனத்தாரின் கவனத்துக்குப் போயிற்று. அங்கே மேலாளராக இருந்த நிதீஷ் லாஹிரியோடு கங்குலிக்கு நட்பு ஏற்பட்டது. இருவரும் சேர்ந்து 'இந்தோ-பிரிட்டிஷ் ஃபிலிம் கம்பெனி'யைத் தொடங்கினார்கள். வங்காளிகளே உடைமையாளராக இருந்து நடத்திய முதல் படக்கம்பெனி என்று அது குறிப்பிடப்படுகிறது. பெயரில் 'பிரிட்டிஷ்' இருந்தாலும் முதலும் உழைப்பும் உள்ளூர்க்காரர்களுடையவை. அந்தப் பெயரே கங்குலியின் முதல் பகடியோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

*

'பிலாத் ஃபேரத்'தை இயக்கியவர் லாஹிரி. இங்கிலாந்தில் நெடுநாள் இருந்து திரும்பிய ஓர் இளைஞன், காதலைப் பற்றியும் திருமணத்தைப் பற்றியும் அங்கே கற்றுக்கொண்டு வந்த புதிய எண்ணங்களால் பெற்றோரைத் திகைக்க வைக்கிறான். கதையின் அடிப்படை அவ்வளவுதான். ஆனால் படம் அவனைப் பார்த்து மட்டும் சிரிக்கவில்லை. பழமையின் ஒரு நூலிழையைக்கூட விட்டுக்கொடுக்க மனமில்லாமல் பிடிவாதம் செய்யும் வீட்டாரையும் சேர்த்தே சிரித்தது.

இந்த இருபக்கச் சிரிப்புக்கு வங்காளத்தில் ஒரு மரபு உண்டு. மைக்கேல் மதுசூதன் தத்தர் 1860-இல் இரண்டு பிரகசனங்களை வெளியிட்டார். ஒன்று, ஆங்கில நாகரிகம் என்று குடித்துக் கூத்தடிக்கும் இளைஞர்களைக் கேலி செய்வது. மற்றொன்று, பக்திமானாக வேடமிட்டுத் திரியும் கிழட்டு ஜமீன்தாரைக் கேலி செய்வது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் தத்தரின் நியாயம் விளங்கும். 1848 முதல் 1856 வரை சென்னையில் வாழ்ந்து, ஆசிரியராகவும் பத்திரிகைக்காரராகவும் பிழைத்தவர் அவர் என்பதால் நமக்கும் ஒருவகையில் உறவுக்காரர். தெருவோர ஓவியர்களோ தத்தருக்கும் முன்பே தொடங்கிவிட்டார்கள். காளிகாட் படங்களில் வாரிச் சீவிய தலையும் பளபளக்கும் காலணியுமாக நிற்கும் 'பாபு'க்களைப் பார்க்கலாம். கங்குலி நடிக்க வந்த அதே ஆண்டுகளில் ககனேந்திரநாத் தாகூர் கேலிச்சித்திரத் தொகுப்புகளை வெளியிட்டு, ஐரோப்பிய உடைக்குள் திணறும் வங்காளிகளைத் தீட்டிக்கொண்டிருந்தார். கங்குலி செய்தது அந்த ஓவியங்களை நடக்க வைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

நம்மிடமும் இதற்கு மூலப்பொருள் இல்லாமல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே 'டம்பாச்சாரி விலாசம்' எழுதிய காசி விசுவநாத முதலியாரும், 'சபாபதி'யை மேடையேற்றிய பம்மல் சம்பந்த முதலியாரும் சமகால மனிதர்களைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள். ஆனால் தமிழில் அந்தச் சிரிப்பு மேடையில் வளர்ந்து, பேசும்படம் வந்த பிறகே திரைக்கு முழுமையாகத் தாவியது. கங்குலி ஒரு சொல்கூடப் பேசாமல் அதைச் செய்தார். உடையை அணியும் விதம், நாற்காலியில் உட்காரும் விதம், பெற்றோரை நமஸ்கரிக்கக் குனிவதா கைகுலுக்குவதா என்ற ஒரு கணத் தடுமாற்றம் — மௌனப்படத்தில் சீமை திரும்பியவனைக் காட்ட ஒரு நடிகனிடம் இருந்த மொழி இவ்வளவே. எழுத்தட்டை உதவிக்கு வரும். ஆனால் சிரிப்பு அட்டை வருவதற்கு முன்பே வந்துவிட வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து இந்தப் படத்தை யோசிக்கும்போது நமக்கு வேறொரு நிகழ்ச்சி நினைவுக்கு வராமல் போவதில்லை. 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியக் காலணி அணிந்து இங்குள்ள நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். அது குற்றமென்று நடவடிக்கை எடுக்கப்பட்டது. அவர் பாரிஸின் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். 1881-இல் வந்த ஆணையின்படி தனிநபர் வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களுக்கு முன்னோடியாக நின்று, லபோர்த் என்ற குடும்பப் பெயரையும் சூட்டிக்கொண்டார். அவருக்கு அந்தக் காலணி தன்மானத்தின் சின்னம். காளிகாட் ஓவியனுக்கோ அதே காலணி கேலியின் சின்னம். எது சரி? சீமை உடையைப் பார்த்துச் சிரிப்பவன் எல்லா வேளையிலும் முற்போக்காளன் அல்லன். கீழே இருந்தவன் மேலே ஏறியதைப் பொறுக்காத சிரிப்பும் அதில் கலந்திருக்கக்கூடும். நாம் நம்முடைய சொல்தாக்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அந்தக் கசடு இருந்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கங்குலியின் படத்தில் வீட்டுக்காரர்களும் கேலிக்கு ஆளானார்கள் என்ற செய்தி இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. சீமை திரும்பியவனை மட்டும் தனியே நிறுத்திச் சிரித்திருந்தால் அது ஊர்வம்பு. சிரிக்கிற ஊரையும் சேர்த்துக் காட்டியதால் அது அங்கதம்.

*

படத்துக்குக் கிடைத்த வரவேற்போடு கங்குலி கல்கத்தாவிலேயே நிலைத்திருக்கலாம். 1922-இல் அவர் பழைய ஊரான ஹைதராபாத்துக்குத் திரும்பி, 'லோட்டஸ் ஃபிலிம் கம்பெனி'யைத் தொடங்கினார். ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலிகானின் ஆதரவு கிடைத்தது. படப்பிடிப்புக்கு இடம், சுருள் கழுவும் கூடம், சொந்தமாக இரண்டு திரையரங்குகள் என்று எல்லாம் அமைந்தன. 'இந்திரஜித்', 'ஹரகௌரி' போன்ற புராணப் படங்களோடு 'லேடி டீச்சர்', 'மேரேஜ் டானிக்' போன்ற படங்களையும் அடுத்தடுத்து எடுத்தார். புராணத்தை விட்டுவிடவும் முடியவில்லை, சமகாலத்தை விடவும் மனமில்லை என்பதை அந்தப் பட்டியலே சொல்கிறது. பெண் ஒருத்தி ஆசிரியையாக வேலைக்குப் போவதும், திருமணத்தை ஒரு மருந்துப் புட்டியாகப் பார்ப்பதும் அன்று படத்தலைப்பாக வந்தன என்பதே ஒரு சமூகச் செய்தி.

அந்த ஏற்பாடு இரண்டே ஆண்டுகளில் முடிந்துபோனது. 1924-இல் கங்குலியின் அரங்கில் 'ரஜியா பேகம்' என்ற படம் திரையிடப்பட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தில்லியை ஆண்ட சுல்தானா ரஜியாவின் கதை. முஸ்லிம் அரசி ஓர் இந்துவிடம் காதல் கொள்வதாகக் காட்டிய படம் அது. நிஜாம் சினந்தார். கங்குலி உடனடியாக ராஜ்ஜியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆணை பிறந்தது. கம்பெனி, அரங்குகள், இரண்டாண்டு உழைப்பு அனைத்தும் ஒரே வீச்சில் போயின.

இதிலுள்ள முரணைக் கவனிக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் பிறரைக் கேலி செய்து பிழைத்தவர் எந்தக் கேலிக்காகவும் தண்டிக்கப்படவில்லை. வேறொருவர் எடுத்த, நகைச்சுவைக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு படத்தைக் காட்டியதற்காகத் துரத்தப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தணிக்கைக் குழுக்கள் வந்திருந்தன. சுதேச சமஸ்தானங்களில் தணிக்கை என்பது அரசரின் முகக்குறிப்பு. ஆதரவும் அங்கிருந்தே வரும், ஆணையும் அங்கிருந்தே வரும்.

எல்லைகளின் இந்த விளையாட்டு நமக்குப் புதிதல்ல. பிரிட்டிஷ் போலீசுக்கு எட்டாத மண் என்பதால் 1908-இல் பாரதியும், வங்காளத்தின் பிரெஞ்சுப் பகுதியான சந்திரநகர் வழியாக 1910-இல் அரவிந்தரும் புதுச்சேரிக்கு வந்தார்கள். இன்னோர் அரசின் எல்லைக்கோடு அவர்களுக்கு அடைக்கலமாயிற்று. கங்குலிக்கு அதே வகையான கோடு வெளியேற்றத்தின் வாசலாயிற்று. புதுச்சேரி ஆண்டுகளில் பாரதி எழுதிய 'சின்னச் சங்கரன் கதை'யையும் இங்கே நினைக்கலாம். ஒரு ஜமீன்தாரின் அவையையும் அவருடைய புலவர்களையும் ஈவிரக்கமின்றிக் கேலி செய்யும் அந்தக் கதை முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. சில அத்தியாயங்களே எஞ்சியுள்ளன. அரசவையின் நிழலில் இளமையைக் கழித்தவருக்கே அரசவையைக் கேலி செய்யும் உரிமையும் நுட்பமும் வாய்க்கும். கங்குலிக்கும் அந்தத் தகுதி இருந்தது. ஹைதராபாத் அரண்மனையை வைத்து அவர் ஒரு படம் எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்ப்பதோடு நாம் நின்றுகொள்ள வேண்டியதுதான்.

*

கல்கத்தா திரும்பிய கங்குலி மீண்டும் எழுந்து நிற்கச் சில ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆண்டுகளில் இந்தியத் திரையரங்குகளில் ஓடியவற்றில் மிகப் பெரும்பகுதி வெளிநாட்டுப் படங்கள்தாம். சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-28-இல் நாடெங்கும் விசாரணை நடத்திய சினிமாக் குழுவின் காலத்துக் கணக்கின்படி, முழுநீளப் படங்களில் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளியிலிருந்து, பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து, வந்தவை. சாப்ளினும் ஹரால்ட் லாய்டும் ஓடும் ஊரில் உள்ளூர்ச் சிரிப்பை விற்பது எளிதான வணிகம் அன்று.

1929-இல் கங்குலி 'பிரிட்டிஷ் டொமினியன் ஃபிலிம்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். மறுபடியும் பெயரில் பிரிட்டிஷ்! அசாமின் கௌரிப்பூர் ஜமீன் வாரிசான பிரமதேஷ் பருவா பங்குதாரராக வந்தார். பத்திரிகைத் துறையிலிருந்து தேவகி போஸ் எழுத்தாளராகவும் நடிகராகவும் வந்து சேர்ந்தார். 'கமனேர் ஆகுன்' 1930-இல் வெளியாயிற்று. அதே காலத்தில் 'அலிக் பாபு', பணத்தால் ஆகாதது எது என்று தலைப்பிலேயே கேட்கும் 'டாக்காய் கீ நா ஹய்' போன்ற படங்களையும் கங்குலி எடுத்தார். பருவா கேமராவின் முன் முதலில் நின்றது இந்தக் கூட்டத்தோடுதான்.

நேரம் மட்டும் தவறிப்போயிற்று. 1931 மார்ச்சில் பம்பாயில் 'ஆலம் ஆரா' பேசியது. அடுத்த மாதமே வங்காளத்தின் முதல் பேசும்படமான 'ஜமாய் ஷஷ்டி' வந்தது. அது ஒரு நகைச்சுவைக் குறும்படம் என்பது கங்குலியின் கோணத்திலிருந்து பார்த்தால் சற்றுக் கொடுமையான தற்செயல். ஒலிக்கருவிக்குச் செலவிட வசதியில்லாத மௌனப்படக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. கங்குலியுடையதும் மூடியது. அதே ஆண்டில் பி. என். சர்க்கார் தொடங்கிய நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்துக்குக் கங்குலியின் கூட்டாளிகள் போய்ச் சேர்ந்தார்கள். தேவகி போஸின் 'சண்டிதாஸ்' 1932-இல் வந்தது. பருவாவின் 'தேவதாஸ்' 1935-இல் வந்து நாட்டையே அழவைத்தது. சிரிக்கவைக்கத் தெரிந்தவரின் பட்டறையில் தொழில் பழகியவர்கள் அழவைத்துப் பெயரெடுத்தார்கள்.

கங்குலியும் நியூ தியேட்டர்ஸுக்குப் போனார். 'எக்ஸ்கியூஸ் மீ சார்' உள்ளிட்ட பேசும் நகைச்சுவைப் படங்களை எடுத்தார். நாற்பதுகளின் இறுதிவரை படங்களை இயக்கிக்கொண்டிருந்தார். அவை அவருடைய பெயரைத் தாங்கி நிற்கும் படைப்புகளாக இன்று நினைக்கப்படவில்லை. பேச்சு வந்ததும் சிரிப்பின் இலக்கணம் மாறிவிட்டது. ஒரு புருவத்தின் அசைவுக்குக் காத்திருந்த கூட்டம் இப்போது ஒரு வசனத்துக்குக் காத்திருந்தது. தமிழில் என். எஸ். கிருஷ்ணன் போன்றோர் எழுந்தது இந்தப் புதிய இலக்கணத்தின்மேல்தான். அவர்களுடைய பாட்டையும் பேச்சையும் நீக்கிவிட்டு நாம் அவர்களைக் கற்பனை செய்ய முடியுமா?

நீண்ட ஆயுள் கங்குலிக்கு ஒரு நீதியைச் செய்தது. 1974-இல் பத்மபூஷண், 1975-ஆம் ஆண்டுக்கான தாதாசாஹேப் பால்கே விருது. 1978-இல் தம் 85-ஆம் வயதில் மறைந்தார். விருதளித்த அரசும் கைதட்டிய அவையும் பெரும்பாலும் அவருடைய மௌனப்படங்களைப் பார்த்திராதவை. பார்க்க வழியும் இல்லை.

*

நெஞ்சை உறுத்துவது இதுதான். இந்தியாவில் ஏறத்தாழ 1,300 மௌனப்படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் முழுமையாகவோ துண்டாகவோ எஞ்சியவை சில பத்துகளே. நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பிடிக்கும். ஈரத்தில் நொறுங்கும். ஓடித் தேய்ந்த சுருளை வெள்ளிக்காக உருக்கியதும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் தொடங்கப்பட்டது 1964-இல்தான். அதற்குள் மௌனப்படக் காலம் முடிந்து முப்பதாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. எஞ்சியவையும் விசித்திரமான வழிகளில் எஞ்சின. நாகர்கோவில் சுந்தரராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா', நாவலின் பதிப்புரிமைத் தகராறில் சிக்கி முடக்கப்பட்டதாலேயே அழியாமல் தப்பியது. திரையில் ஓடியிருந்தால் அழிந்திருக்கும். வழக்கு அதைக் காப்பாற்றியது!

வங்காளத்து மௌன நகைச்சுவையில் நமக்குக் கிடைப்பது காளிபத தாஸ் எடுத்து நடித்த 'ஜமாய் பாபு'. 1931-ஆம் ஆண்டுப் படம். நாட்டுப்புறத்து மருமகன் ஒருவன் மாமியார் வீட்டுக்குக் கல்கத்தா வந்து, வழி தவறி அலைகிற கதை. அவனுக்குப் பின்னால் விக்டோரியா நினைவு மண்டபமும் ஹௌரா பாலமும் தெருக்களும் நகர்கின்றன. அந்தச் சிறிய படத்தைப் பார்த்தால் கங்குலியின் படங்களோடு நாம் எதை இழந்தோம் என்பது ஓரளவு புரியும். சிரிப்பை மட்டும் இழக்கவில்லை. அந்தச் சிரிப்பு நடந்துபோன தெருவையும் இழந்தோம்.

மாக்ஸ் லிண்டரின் கதையை இங்கே முடித்துவைக்கலாம். 1925-இல் அவரும் அவருடைய இளம் மனைவியும் பாரிஸில் ஒருசேர உயிரை மாய்த்துக்கொண்டபோது மகள் மோத் கைக்குழந்தை. தந்தையின் முகத்தை நினைவில் வைத்திராத அந்தப் பெண், வளர்ந்த பிறகு அவருடைய படச்சுருள்களைத் தேடித் தேடிச் சேர்ப்பதையே வாழ்க்கைப் பணியாக்கிக்கொண்டார். 1963-இலும் 1983-இலும் அவற்றைத் தொகுத்து இரண்டு படங்களாக வெளியிட்டார். 2017-இல் அவர் மறையும்வரை அந்தத் தேடல் தொடர்ந்தது. லிண்டரை உலகம் இன்று சிரித்துக்கொண்டே பார்க்க முடிகிறதென்றால் அதற்கு ஒரு மகளின் பிடிவாதம் காரணம். கங்குலி தாமே 85 ஆண்டுகள் உயிரோடிருந்தார். இருந்தும், 'பிலாத் ஃபேரத்'தை அது வெளியானபடி உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு நமக்கு இல்லை. கலைஞன் வாழ்ந்தான், கலை போயிற்று. அங்கே கலைஞன் போனான், கலை மீண்டது. ஒரு சமூகம் தன் சிரிப்பைச் சேமிக்கத் தக்க பொருளாக மதிக்கிறதா என்பதில்தான் இந்த வேறுபாடு இருக்கிறது. புராணப் படங்களைப் பொறுத்தவரை, கதையாவது நம்மிடம் இருக்கிறது. படம் அழிந்தாலும் கீசகன் அழிவதில்லை. 1921-ஆம் ஆண்டில் சீமை திரும்பிய ஒருவன் தன் வீட்டுத் திண்ணையில் எப்படித் தடுமாறினான் என்பதற்கு அந்தச் சுருளைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

ஆக, கங்குலியிடமிருந்து நமக்கு எஞ்சுவது பெரும்பாலும் படங்களின் பெயர்களும், 1915-இல் அவர் புனைந்து காட்டிய அசையாத முகங்களும். திரைக்கு வருவதற்கு முன்னால் பயிற்சியாகச் செய்த வேலை, திரையில் செய்த வேலையைவிட அதிக ஆயுள் பெற்றுவிட்டது. கேமராவின் முன் நிற்பதே ஒரு கலை என்று கண்டுகொண்ட அந்தச் சித்திரக்காரருக்கு இது ஓரளவு நியாயம்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம்.

புதுச்சேரியின் பழைய வீடுகளில், கூடத்துச் சுவரில், தொப்பியும் ராணுவ உடையுமாகச் சைகோனில் எடுத்துக்கொண்ட நிழற்படங்கள் இன்னும் தொங்குகின்றன. பலவற்றில் பெயர்கூட எழுதப்படவில்லை. வீட்டை இடித்துக் கட்டும்போது அவை பழைய சாமான்களோடு போய்விடுகின்றன. அந்த முகங்களைப் பார்த்து நாம் சிரித்திருக்கிறோம். அவர்களும் நம்மைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள், ஊர் இன்னும் அப்படியே இருக்கிறதே என்று. அடுத்த முறை அப்படியொரு படத்தைக் கண்டால், வீட்டில் இருக்கும் முதியவரிடம் அவர் யார், எங்கிருந்து திரும்பியவர், திரும்பிய புதிதில் அவரைக் கண்டு ஊர் எதற்காகச் சிரித்தது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வோம்.